பெட்டியில் ஒரு மவுத்தார்கன் குறைகிறது

"திருடன் யாருன்னு எனக்குத் தெரியும். எப்ப எடுத்தான்னு தெரியும். எங்க வச்சிருக்கான்னும் தெரியும்" என்றார் ஹொசேயா டாலிவர்.

"அப்ப நாங்க எதுக்கு? கை தட்டவா?" என்றான் கிளியோட்டிஸ்.

ஸெனோபியா பெட்வே தன் உதவியாளனை ஒரு பார்வை பார்த்தார். அது சாதாரணப் பார்வை இல்லை. பெரிய துணிக்கடை ஒன்றில் வாடிக்கையாளர் மாதிரி உலாவிக்கொண்டே, கோட்டுக்குள் இன்னொரு கோட்டைப் போட்டுக்கொண்டு நழுவுகிறவர்களைப் பிடித்துப் பிடித்துக் கூர்மையான பார்வை. அந்த வேலையை விட்டபின் ஜார்ஜியா அவென்யூவில், கோழி வறுக்கும் கடைக்கு மேலே, சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். காலை பத்து மணிக்கே கோழிமேல் ஊற்றுகிற மம்போ சாஸின் மணம் மேலே ஏறி வந்து கட்சிக்காரர்களின் கவனத்தைக் கலைக்கும். கிளியோட்டிஸ் மேப்ரியின் கவனத்தைக் கலைக்க அது கூடத் தேவையில்லை. நாற்பத்தைந்து வயது. மேடையில் ஜோக் சொல்லிப் பிழைக்கப் பார்த்தவன். யாரும் சிரிக்கவில்லை. துப்பறிய வந்துவிட்டான்.

எதிரே உட்கார்ந்திருந்த ஹொசேயா அப்படிப்பட்ட ஆளில்லை. வெறும் மவுத்தார்கன், வெறும் கிட்டார், இரண்டு நாற்காலி. ஒயர் கிடையாது, கரண்ட் கிடையாது. வாஷிங்டனில் புளூஸ் கேட்கிற எந்த வீட்டிலும் டாலிவர்–ஸ்கீன்ஸ் ஜோடியின் ரெக்கார்டு ஒன்றாவது இருக்கும். இடையில் ஹொசேயா, ரிச்மண்டு பியானோக்காரர் ஒருவரோடு ஒரு ரெக்கார்டு போட்டார். சிகாகோவில் மின்சாரக் கிட்டார்க் கூட்டம் ஒன்றோடும் போட்டார். அதைப் பற்றிக் கேட்டால், "அதுல நான் எங்க இருக்கேன்னு நானே தேடணும்" என்பார். வார்டெல் ஸ்கீன்ஸின் கிட்டார் பக்கத்தில் இருந்தால்தான் அவர் மவுத்தார்கன் பேசும். ஆனால் கடைசி ரெக்கார்டின் கடைசிப் பாட்டில் யார் முன்னாலேயே நிறுத்தியது என்று இரண்டு பேருக்கும் சண்டை. ஆறு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. இப்போதுதான் சமாதானமாகி, இன்று மதியம் மூன்று மணிக்குப் புது ரெக்கார்டு பதிவு.

மனிதர் மாடிப்படி ஏறி வந்து, உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி, முகம் துடைத்து, தண்ணீர் குடித்து, அதற்கப்புறம்தான் வாயைத் திறந்திருந்தார். மடியில் தோல் பெட்டி. பன்னிரண்டு குழிகள், பதினொரு மவுத்தார்கன்கள்.

"எது காணோம்?" என்று ஸெனோபியா கேட்டார்.

"'ஈ'."

ஒவ்வொன்றிலும் அதன் சுருதிக்கான ஆங்கில எழுத்து பொறித்திருந்தது. "இன்னைக்கு வாசிக்கிற பாட்டெல்லாம் என்ன சுருதி?"

"எல்லாமே 'ஈ'. முப்பது வருஷமா அதே 'ஈ'தான். வார்டெல்லுக்கு வேற எங்கயும் கை போகாது."

"போச்சு!" என்று கிளியோட்டிஸ் மேசையைத் தட்டினான். "'ஈ' பாட்டுக்கு 'ஈ' மவுத்தார்கன் இல்லன்னா என்னத்த வாசிக்கிறது?"

ஹொசேயா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, புளூஸ ஊத மாட்டாங்க. உறிஞ்சுவாங்க. உறிஞ்சினா சுருதி தள்ளிப் போயிடும். கிட்டார் 'ஈ'ல இருந்தா என் கைல 'ஏ' இருக்கும். அந்த 'ஏ' இதோ பத்திரமா இருக்கு."

"அப்ப 'ஈ' எதுக்கு?"

"கிட்டார்க்காரன் 'பி'ல வந்தா அதுக்கு. எந்தக் கிட்டார்க்காரனும் 'பி'ல வர மாட்டான். விரல் ஒடிஞ்சிடும். அத நான் தொடுறதே கிடையாது. பெட்டி நிறையணுமேன்னு வச்சிருக்கேன்."

"தொடாத சாமானுக்கா இந்தக் கூப்பாடு? கடையில புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமே?"

"புதுசா? புதுச் செருப்பப் போட்டுட்டுக் கல்யாணத்துல ஆடுவியா நீ? வாய்க்குப் பழக ஒரு மாசம் ஆகும்!"

ஸெனோபியாவின் ஒரு புருவம் மட்டும் மேலே போனது. கோழி வாசனையால் இருக்கும் என்று கிளியோட்டிஸ் நினைத்துக்கொண்டான்.

ஹொசேயா கதையை முடித்தார். வியாழக்கிழமை சாயங்காலம் வார்டெல் தன் டாக்ஸியில் அவரை வீட்டில் இறக்கிவிட்டான். பெட்டி டிக்கியில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் திறந்தால் குழி காலி. அன்று வார்டெல் வந்து கதவைத் தட்டியபோது இவர் திறக்கவில்லை.

"அவன்கிட்டயே கேட்டா ஆச்சு" என்றான் கிளியோட்டிஸ்.

"கேக்க மாட்டேன்!" கிழவரின் குரல் உடைந்தது. "நான் கேட்டதா அவனுக்குத் தெரியவும் கூடாது. மூணு மணிக்குள்ள அது என் மடியில இருக்கணும். இல்லன்னா வாசிக்க மாட்டேன். எனக்கு எழுபத்து மூணு, அவனுக்கு எழுபத்து ரெண்டு. இன்னைக்கு விட்டா இன்னொரு ரெக்கார்டு கிடையாது. அது எனக்கும் தெரியும்மா."

அவர் படியிறங்கிப் போக வெகுநேரம் ஆனது.

ஸெனோபியாவின் பழைய ப்யூக்கை கிளியோட்டிஸ்தான் ஓட்டினான். ஓட்டும்போது அவன் மூளையும் ஓடும் என்பது அவனுடைய நம்பிக்கை.

"மேடம், கேஸ் முடிஞ்சது. வார்டெல் எடுக்கல."

"அப்படியா?"

"பதிவை நிறுத்தணும்னு யாரோ நெனச்சிருக்காங்க. பாட்டு 'ஈ'. அதனால 'ஈ' மவுத்தார்கன உருவிட்டாங்க. வார்டெல்னா சரியா 'ஏ'வ எடுத்திருப்பாரு. முப்பது வருஷமா பக்கத்துல உக்காந்தவராச்சே. அப்ப எடுத்தது யாரு? மவுத்தார்கன் பத்தி ஒரு மண்ணும் தெரியாத ஆளு. என்ன மாதிரி."

"நீ எடுத்தியா?"

"மேடம்! டாக்ஸி டிக்கியத் திறக்கக்கூடிய ஆளு, புளூஸ் பிடிக்காத ஆளு. வார்டெல் பொண்டாட்டி வெர்னெல்! நம்ம சர்ச் கொயர்ல முதல் வரிசை. புளூஸுன்னா பேய்ப்பாட்டும்பாங்க."

ஸெனோபியா கொஞ்ச தூரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "கிளியோ, உன்கூட இத்தனை வருஷம் சுத்தினதுல, நின்னு யோசிக்க வேண்டிய மாதிரி நீ ஒண்ணு சொன்னது இதான் முதல் தடவ. சர்ச்சுக்கு விடு."

கிளியோட்டிஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு சிக்னலைத் தாண்டும்வரை விசிலடித்துக்கொண்டே வந்தான்.

சனிக்கிழமை என்பதால் சர்ச் சமையலறையில் மீன் விற்பனை அமளியில் இருந்தது. வெர்னெல் ஸ்கீன்ஸ் மாவில் புரட்டிய மீனை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். கையில் நீளமான இடுக்கி. குற்றம் சாட்டப் போகிறவன் அந்த இடுக்கியை முதலில் கவனித்திருக்க வேண்டும்.

"சிஸ்டர் வெர்னெல்" என்று கிளியோட்டிஸ் தொண்டையைச் செருமினான். "வியாழக்கிழமை உங்க வீட்டுக்காரர் டாக்ஸி டிக்கியில இருந்து நீங்க ஒரு 'ஈ' மவுத்தார்கன..."

"என்னது?"

இடுக்கி அவன் மூக்குக்கு நேரே வந்தது. எண்ணெய் சொட்டியது. "தம்பி, எனக்குப் பதிவை நிறுத்தணும்னா பெட்டியோட தூக்கி அனகோஸ்டியா ஆத்துல எறிஞ்சிருப்பேன். ஒண்ணே ஒண்ணு எடுக்கணும்னா 'ஏ'வ எடுத்திருப்பேன். 'ஈ'ய எடுக்க எனக்கென்ன பைத்தியமா?"

கிளியோட்டிஸ் திகைத்தான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது வருஷம் என் சாப்பாட்டு மேசையில உக்காந்து ரெண்டும் கத்துச்சுங்க. என் வீட்டுப் பூனைக்குக் கூடத் தெரியும்." அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். பிறகு, கொஞ்சம் நிதானமாக, "ஸெனோபியா, நல்லா யோசிச்சுப் பாரு. அந்தப் பெட்டியில ஹொசேயா தொடாதது 'ஈ' ஒண்ணுதான். எடுத்தவன் எதுவும் தெரியாம எடுக்கல. எது போனா கிழவனுக்கு நஷ்டமில்லையோ அதைப் பாத்து எடுத்திருக்கான். கெடுக்க நெனச்சவன் அப்படியா எடுப்பான்?" என்றாள்.

கிளியோட்டிஸின் அருமையான துப்பு தலைகீழாகப் புரண்டு படுத்துக்கொண்டது. மவுத்தார்கன் தெரியாதவன் எடுத்தது என்றான். நன்றாகத் தெரிந்தவன் எடுத்தது என்றாகிவிட்டது.

"வார்டெல் எங்க?" என்று கேட்டார் ஸெனோபியா.

வெர்னெலின் முகத்தில் சட்டென்று ஒரு வாட்டம். "ஹெய்ன்ஸ் பாயிண்ட்ல. ரெண்டு நாளா சவாரிக்குப் போகாம ஆத்தங்கரையில வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருக்காரு. கேட்டா எரிஞ்சு விழறாரு. போய்ப் பாரு. இந்தா, இந்தப் பொல்லாதவனுக்கும் ஒரு மீன்."

ரொட்டித் துண்டு இரண்டுக்கு நடுவே சுடச்சுட மீன், மேலே மிளகாய்ச் சாறு. வழி முழுவதும் கிளியோட்டிஸ் வாயைத் திறந்தான், ஆனால் பேசவில்லை. ஸெனோபியா அந்த அமைதியை அனுபவித்தார்.

பொட்டோமாக் ஓரமாக டாக்ஸி நின்றது. ஜன்னல்கள் எல்லாம் ஏற்றியிருந்தன. உள்ளேயிருந்து கிட்டார் வந்தது. நடுவில் பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு மவுத்தார்கன்.

"அது ஹொசேயா இல்லைன்னு எனக்கே தெரியுது" என்று கிளியோட்டிஸ் கிசுகிசுத்தான்.

கதவைத் திறந்ததும் தைலவாடை முகத்தில் அடித்தது. வார்டெல் ஸ்கீன்ஸ் முன்சீட்டில் குறுக்கே உட்கார்ந்து கிட்டாரை அணைத்திருந்தார். கழுத்தில் கம்பி வளையம். அதில் வாய்க்கு நேராக 'ஈ' மவுத்தார்கன். பிடிபட்ட திருடர்களில் இவ்வளவு விகாரமாக விழித்த ஒருவரை ஸெனோபியா துணிக்கடையில் கூடப் பார்த்ததில்லை.

"ஹொசேயா அனுப்பினானா?"

"இல்ல" என்றார் ஸெனோபியா கூசாமல். கட்சிக்காரருக்குக் கொடுத்த வாக்கு. அவர் கண் கிட்டாரின் கழுத்துக்குப் போனது. தந்திகளை அழுத்திப் பிடிக்கும் இரும்புக் கவ்வி, பாதிக் கழுத்துக்கு மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. "என்ன வார்டெல், இவ்வளவு மேல கவ்விருக்கு? அங்க பிடிச்சா 'பி'தானே வரும்?"

வார்டெல் மவுத்தார்கனைக் கழற்றினார். இடது கையை நீட்டிக் காட்டினார். முட்டிகள் வீங்கியிருந்தன. விரல்கள் முழுசாக நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை.

"கீழ கட்டங்கள் அகலம், ஸெனோபியா. என் விரல் எட்டல. மேல போகப் போகக் கட்டம் சின்னதாயிடும். அங்கன்னா இன்னும் வாசிக்க முடியுது. ஆனா 'பி'ல எங்க பாட்டு எப்படிக் கேக்கும்? அதுக்கு 'ஈ' மவுத்தார்கன் வேணும். அவன்கிட்டக் கேட்டா ஏன்னு கேப்பான். அதான் அவனுக்கு வேண்டாத ஒண்ண எடுத்தேன். நானே ஊதிப் பாத்துட்டுத் திருப்பி வச்சுடலாம்னு வெள்ளிக்கிழமை போனேன். கதவைத் திறக்க மாட்டேன்னுட்டான்."

"எப்படிக் கேட்டுச்சு?"

"நான் ஊதினா எப்படிக் கேக்கும்? ஆம்புலன்ஸ் மாதிரி." அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "சொல்லிடாத ஸெனோபியா. அவன் திட்டினா தாங்கிக்குவேன், பழக்கம்தான். பாவம்னு பாத்தான்னா செத்துருவேன். கீழேயே 'ஈ'லயே வாசிக்கிறேன். எது வருதோ வரட்டும்."

"சொல்ல மாட்டேன். மூணு மணிக்கு வந்துடு. ஒண்ணே ஒண்ணு. உனக்கு என்ன சுருதி வேணுமோ அத வாய்விட்டுக் கேளு."

"'பி' வேணும்னு கிட்டார்க்காரன் கேக்கறதா? ஊரே சிரிக்கும்."

மவுத்தார்கனை வாங்கிக்கொண்டு திரும்பும்போது கிளியோட்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தொண்டையில் மீன் முள் என்று சொல்லிப் பார்த்தான். ஸெனோபியா நம்பவில்லை.

"பாவம் மேடம். கிழவர் அந்த விரலோட கீழ வாசிச்சு அசிங்கப்படப் போறாரு. நாம ரெண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துட்டு வாய மூடிட்டு நிக்கப் போறோம்."

"வண்டிய ஓரமா நிறுத்து." ஸெனோபியா 'ஈ' மவுத்தார்கனை அவன் கையில் வைத்தார். "இது தொடாத சாமானா?"

கிளியோட்டிஸ் திருப்பிப் பார்த்தான். உதடு படுகிற இடத்தில் பளபளப்பு தேய்ந்து பித்தளை தெரிந்தது. "இத வார்டெல் ரெண்டு நாள்ல..."

"ரெண்டு நாள்ல தேயாது. காலைல பெட்டியில இருந்த 'ஏ' மேல தூசி படிஞ்சிருந்தது. முப்பது வருஷமா வாசிக்கிற 'ஏ' மேல தூசி! புதுசு வாய்க்குப் பழக ஒரு மாசம் ஆகும்னு மனுஷன் கத்தினாரே. தொடாத ஒண்ணு மட்டும் எப்படி வாய்க்குப் பழகிச்சு? தொடாத ஒண்ணு காணோம்னு மறுநாள் காலைலயே எப்படித் தெரிஞ்சது?"

கிளியோட்டிஸ் வாயைப் பிளந்தான். "தினம் அததான் எடுக்கிறாரு!"

"'ஏ' தடிச்ச சத்தம், தகடு பெருசு. நிறைய மூச்சு இழுக்கும். 'ஈ' மெலிசு. கொஞ்சம் மூச்சு போதும். நம்ம மாடிப்படிய அவர் எப்படி ஏறினாருன்னு பாத்தியே."

கிளியோட்டிஸ் மவுத்தார்கனைத் திருப்பி அவர் கையில் கொடுத்தான். பிறகு ஸ்டியரிங்கில் இரண்டு கையாலும் குத்தினான். "ரெண்டு பேருக்கும் வேணும்கிறது அதே 'பி'! ரெண்டு பேரும் அத மறைக்கிறாங்க! ஒருத்தர் திருடி மறைக்கிறாரு, ஒருத்தர் நம்மள வச்சு மறைக்கிறாரு! மேடம், எனக்குச் சிரிப்பு வருது, அழுகையும் வருது. எத முதல்ல செய்ய?"

"வண்டிய ஓட்டு."

ரெக்கார்டு கம்பெனி என்பது டகோமா பார்க்கில் பிரஸ்டன் ரட்டக்கின் சாப்பாட்டு அறைதான். மனிதர் வாரமெல்லாம் தபால் கொடுப்பவர். சனி, ஞாயிறுகளில் முதலாளி. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் கம்பளி தொங்கியது. நடுவில் இரண்டு நாற்காலி, ஒரு மைக். இரண்டு கிழவர்களும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் கம்பளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸெனோபியா கைக்குட்டையில் சுற்றிய பொருளை ஹொசேயாவின் மடியில் வைத்தார். குனிந்து காதில், "நான் ஒண்ணும் சொல்லல. வேணும்கிறத நீங்களே கேளுங்க" என்றார். வார்டெலைப் பார்த்துத் தலையை அசைத்தார். தன் வேலை முடிந்தது என்று சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

"டேப் ஓடுது" என்றார் ரட்டக். "சுருதி சொல்லிட்டு ஆரம்பிங்க. வழக்கம்போல 'ஈ' தானே?"

ஹொசேயாவின் கை 'ஈ' மீது போய், தயங்கி, தூசி படிந்த 'ஏ'வை எடுத்தது. வார்டெல் கவ்வியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். முதல் கட்டத்துக்கு விரலை நீட்டினார். முகம் வலியில் சுருங்கியது. ஹொசேயா மார்பைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சேர்த்தார். முப்பது வருட ஜோடி இன்னும் ஒரு நிமிடத்தில் ஒருவருக்கொருவர் தெரியாமல் சீரழியப் போகிறது.

கிளியோட்டிஸால் தாங்க முடியவில்லை.

"நிறுத்துங்க!" என்று மைக்குக்கு முன்னாலேயே போய்க் கத்தினான். "ஐயா, பெரியவங்களே, நான் ஒண்ணும் சொல்லல. வாக்குக் கொடுத்திருக்கேன். ஆனா முதலாளி உங்களச் சுருதி கேட்டாரு. முதல்ல சொல்றவன் தோத்தவன்னு ரெண்டு பேருக்கும் பயம். அதனால ஒண்ணா சொல்லுங்க. நான் மூணு எண்றேன். உங்களுக்கு உண்மையிலயே எது வேணுமோ அது. பொய் சொன்னா சிஸ்டர் வெர்னெல் இடுக்கியோட வருவாங்க. ஒண்ணு... ரெண்டு..."

"'பி'" என்றார் ஹொசேயா.

"'பி'" என்றார் வார்டெல்.

இருவரும் வெடுக்கென்று திரும்பினார்கள். ரட்டக்கின் வாய் திறந்தபடியே நின்றது. ஹொசேயா மெதுவாகக் கையை நீட்டி, வார்டெலின் இடது கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, வெளிச்சத்தில் பார்த்தார்.

"எப்பலேர்ந்துடா?"

"ஈஸ்டர்லேர்ந்து. உனக்கென்னடா? நீ ஏன் 'பி' கேக்குற?"

"மூச்சு. பிப்ரவரிலேர்ந்து."

"ஏண்டா சொல்லல?"

"நீ ஏண்டா சொல்லல?" ஹொசேயா கையை விடவில்லை. "தெரிஞ்சா நீ வேற ஆள வச்சு வாசிச்சுடுவியோன்னு பயந்தேன்."

"அடப் பாவி, நானும் அததாண்டா பயந்தேன்!"

முதலில் ஹொசேயாதான் சிரித்தார். சிரிப்பு இருமலானது. வார்டெல் முதுகில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தார். ரட்டக் சிரித்தார். ஸெனோபியா கைக்குட்டையைத் தேடினார். கிளியோட்டிஸ் வெளிப்படையாகவே அழுதான், இந்த முறை மீன் முள்ளைக் குறை சொல்லவில்லை.

கவ்வி மேலே ஏறியது. 'ஈ' வாய்க்கு வந்தது. முதல் பாட்டு தொடங்கியதும் அறை முழுக்க ஒரு குதூகலம். பழைய பாட்டே இளைய குரலில் பாடுகிற மாதிரி இருந்தது. இருவரின் கால்களும் மரத்தரையில் ஒரே தாளம் போட்டன. நடுவில், மவுத்தார்கன் தனியாகப் பறந்துகொண்டிருந்த இடத்தில், ஹொசேயாவுக்கு மூச்சு தீர்ந்தது. மவுத்தார்கன் உதட்டிலிருந்து இறங்கியது. கிளியோட்டிஸ் ஸெனோபியாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

வார்டெல் திரும்பிப் பார்க்கவே இல்லை. வாசித்துக்கொண்டிருந்த அதே அடியை மறுபடி வாசித்தார். மறுபடியும் வாசித்தார். அவசரமே இல்லாமல், அந்த ஓர் அடியையே சுற்றிச் சுற்றி வந்தார். ஹொசேயாவின் மார்பு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூச்சு திரும்பி வந்தது. மவுத்தார்கன் விட்ட இடத்தில் சேர்ந்துகொண்டது.

பாட்டு முடிந்ததும் ரட்டக் தயங்கினார். "அபாரம். ஆனா நடுவுல அந்த ஒரு இடம்... கிட்டார் சும்மா அதையே போட்டுட்டு இருக்கு. இன்னொரு தடவ எடுத்துடலாமா?"

"தொடக்கூடாது" என்றார் ஹொசேயா. "அங்க அவன் சும்மா இல்ல. எனக்காகக் காத்துட்டிருக்கான். அது ரெக்கார்டுல இருக்கட்டும்."